வாசகர் கேள்வி: மெட்ரோ இனாமா, கடனா?

ரோஸ்ஹில் வாசகர்: நம் மொரீஷியஸ் மெட்ரோ ரயிலை இந்தியா சும்மா கொடுத்தது என்கிறார்கள் சிலர். நம் பிள்ளைகள் தலையில் விழுந்த கடன் என்கிறார்கள் வேறு சிலர். எது உண்மை?

இரண்டிலும் உண்மை இருக்கிறது. 2016-இல் இந்தியா 353 மில்லியன் டாலர் சிறப்புப் பொருளாதார நிதி அறிவித்தது. அது மானியம், திருப்பித் தர வேண்டியதில்லை. மெட்ரோ, உச்ச நீதிமன்றக் கட்டடம், காது மூக்கு தொண்டை மருத்துவமனை, வீடுகள், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைக்கணினி என ஐந்து வேலைகள் அதில் அடங்கும். மெட்ரோவுக்கு மட்டும் 275 மில்லியன். மறு ஆண்டு மே மாதத்தில் 500 மில்லியன் டாலர் கடன் வசதிக்கும் ஒப்புதல் கிடைத்தது. ஆக மெட்ரோவில் மானியமும் கடனும் கலந்தே இருக்கின்றன.

இந்தக் கடன் வசதி நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதைத்தான் பலரும் கேட்பதில்லை. பணம் தலைநகர் போர்ட் லூயியில் உள்ள நம் கருவூலத்துக்கு வந்து சேராது. நம் அரசு திட்ட அறிக்கை தயாரித்து அனுப்ப வேண்டும். டெல்லி ஒப்புக்கொண்டால் இந்தியாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கியுடன் ஒப்பந்தம் கையெழுத்தாகும். வேலை முடிய முடிய, ஒப்பந்தக்காரருக்கு வங்கியே நேராகப் பணம் கொடுக்கும். பொருளிலும் சேவையிலும் பொதுவாக 75 சதவீதம் இந்தியாவிலிருந்து வாங்க வேண்டும். சில திட்டங்களுக்கு 65 வரை தளர்த்துவார்கள். நம் மெட்ரோவைப் பாருங்கள்: பாதை போட்டது இந்திய நிறுவனமான எல் அண்டு டி, அதில் ஓடும் பெட்டிகள் ஸ்பெயினின் சி.ஏ.எஃப். நிறுவனம் செய்தவை. இந்தியப் பணம் என்றால் எல்லாமே இந்தியப் பொருள் என்று நினைக்க வேண்டாம்.

வட்டி, எடுத்த தொகைக்குத்தான். ஆனால் திட்ட அறிக்கை அரைகுறையாக இருந்தாலோ, நிலம் கைக்கு வராமல் டெண்டர் விட்டாலோ, கடன் கையெழுத்தாகியும் பணம் நகராது. வேலை இழுக்க இழுக்கச் செலவு ஏறும், அந்தக் கூடுதலை நாம்தான் சுமப்போம்.

இன்னொன்று நாணயம். டாலரில் கடன் வாங்கினால் டாலர் ஏறும்போது தவணையும் ஏறும். 2025 மார்ச்சில் குடிநீர்க் குழாய்களை மாற்றுவதற்காகக் கையெழுத்தான 487 கோடி ரூபாய் கடன், நமக்கு முதன்முதலாக இந்திய ரூபாயிலேயே தரப்பட்டது. வாங்கும் பொருளில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வரும்போது விலையும் கடனும் ஒரே நாணயத்தில் இருப்பது நல்ல ஏற்பாடு என்பதே எங்கள் கருத்து. ஆனாலும் தவணை கட்ட நாம் இந்திய ரூபாயைச் சம்பாதித்தோ வாங்கியோ ஆக வேண்டும். அந்தக் கணக்கு நிதியமைச்சகத்தில் முன்கூட்டியே போடப்பட வேண்டும்.

ரெயூனியன் வாசகி: இந்தியா உங்களோடு இத்தனை ஒப்பந்தம் போடுகிறதே, எங்கள் தீவோடு ஏன் இல்லை?

உங்கள் தீவு 1946 முதல் பிரான்ஸின் ஒரு மாவட்டம். வெளிநாட்டு ஒப்பந்தம் பாரிஸின் கையில். ஆனால் கதவு முழுக்க மூடியில்லை. இங்கே எபேனில் செயலகம் வைத்திருக்கும் இந்தியப் பெருங்கடல் ஆணையத்தில் ரெயூனியனுக்காக பிரான்ஸ் உறுப்பினர். 2020 முதல் இந்தியாவும் அங்கே பார்வையாளர். உங்கள் தலைநகர் சேன் தெனியில் இந்தியத் துணைத் தூதரகமும் இருக்கிறது. கலை, கல்வி உதவிகளுக்கு அங்கேயே போய்க் கேளுங்கள்.

மாஹேபூர் வாசகர்: அகலேகா தீவு இனி நம்முடையதுதானா?

நம்முடையதுதான். 2015 மார்ச்சில் போடப்பட்டது புரிந்துணர்வு ஒப்பந்தம். தீவை விற்கவும் இல்லை, எழுதிக் கொடுக்கவும் இல்லை. 2024 பிப்ரவரி 29 அன்று 3,000 மீட்டர் ஓடுபாதையும் செயின்ட் ஜேம்ஸ் படகுத்துறையும் திறக்கப்பட்டன. போர்ட் லூயியிலிருந்து சுமார் 1,100 கிலோமீட்டர் தள்ளி, ஏறக்குறைய 300 பேர் வாழும் இடம். முன்பு கப்பல் கரைக்கு வர முடியாமல் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். அரிசி மூட்டையையும் எண்ணெய்ப் பீப்பாயையும் சிறு படகில் இறக்கிக் கரை சேர்ப்பார்கள். 2024 டிசம்பரில் சீடோ புயல் அடித்தபோது நிவாரணம் போய்ச் சேர இந்த ஓடுபாதைதான் கைகொடுத்தது.

இந்தியாவுக்கு இதில் என்ன லாபம்? நம் நிலம் 2,040 சதுர கிலோமீட்டர், நம் கடலோ சுமார் 23 லட்சம் சதுர கிலோமீட்டர். அதைக் காவல் காக்க நமக்கு ஆளும் விமானமும் போதாது. அந்தக் கடல் வழியே போகும் கப்பல்களைக் கவனிக்க இந்தியாவுக்கு ஒரு கண் தேவை. இதை இருவருமே மறைக்க வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது ஒப்பந்தத்தின் வரிகளை. இறங்க அனுமதி தருவது யார்? அங்கே பணிபுரியும் இந்தியர் தவறு செய்தால் எந்த நாட்டுச் சட்டம்? பராமரிப்புச் செலவு யாருடையது? எத்தனை ஆண்டு, விலக எவ்வளவு நாள் முன்னறிவிப்பு? இவை தெளிவாக இல்லாத இடத்தில்தான் உறவு கெடுகிறது.

செஷல்ஸைப் பாருங்கள். அசம்ப்ஷன் தீவில் வசதிகள் கட்ட 2015-இல் ஒப்பந்தம், 2018 ஜனவரியில் திருத்திய ஒப்பந்தம். எதிர்க்கட்சிக்கு அங்கே நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை. மக்களுக்கும் சந்தேகம், பக்கத்திலேயே உலகப் பாரம்பரியச் சின்னமான அல்டாப்ரா. ஒப்புதல் கிடைக்காமல் எல்லாம் அப்படியே நின்றுபோனது. மாலத்தீவில் வேறு கதை. இந்தியா கொடுத்த ஹெலிகாப்டர்களும் டோர்னியர் விமானமும் நோயாளிகளை ஏற்றிப் போயின, அதில் யாருக்கும் குறையில்லை. அவற்றை இயக்கியவர்கள் சீருடை அணிந்த படையினர் என்பதுதான் தேர்தல் பிரச்சினையானது. 2024 மே 10-க்குள் அவர்கள் திரும்பி, சிவில் தொழில்நுட்பாளர்கள் வந்தார்கள். இயந்திரங்கள் அங்கேயே இருந்தன. முதலிலேயே நாடாளுமன்றத்தில் வைத்துப் பேசி, ஆட்களின் தகுதியை எழுதி வைத்திருந்தால் இரண்டு இடத்திலும் இவ்வளவு கசப்பு வந்திருக்காது.

குவாத்ர் போர்ன் வாசகர்: ஏழாம் தலைமுறைக்கும் ஓ.சி.ஐ. அட்டை என்கிறார்களே, எங்கிருந்து தொடங்குவது?

ஓ.சி.ஐ. என்பது இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை. 2024 மார்ச்சில் இங்கு வந்த இந்தியக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அறிவித்த சலுகை இது. பொது விதி கொள்ளுப்பேரப்பிள்ளை வரைதான். அட்டை குடியுரிமை ஆகாது. ஓட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது.

உங்களிலிருந்து தொடங்கி மேலே போங்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணச் சான்றுகளை எடுங்கள். கடைசியில் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். குடியேறியவரின் எண், தகப்பன் பெயர், ஊர், வந்த கப்பல் எல்லாம் அந்தப் பதிவேடுகளில் இருக்கும்.

சங்கிலி அறுபடும் இடங்கள் மூன்று. கோயிலில் தாலி கட்டி, அரசுப் பதிவு செய்யாத திருமணம் ஒன்று. தகப்பனின் பெயரே பிள்ளைக்குக் குடும்பப் பெயராக மாறியது இன்னொன்று. காதில் விழுந்தபடி எழுத்தர் எழுதியதால் ராமசாமி ஒரு தாளில் ராமசௌமி, மறு தாளில் ராம்சாமி ஆனது மூன்றாவது. இந்த முரண்களைப் பட்டியலிட்டு, விண்ணப்பத்துக்கு முன்பே தூதரகத்தில் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து கைவினைஞராக வந்தவர்களின் வழியில் வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சிக்கல். ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்கியது 1834-இல். அதற்கு முன் வந்தவருக்கு அந்தப் பதிவேட்டில் எண் இருக்காது. தலைமுறைக்கு 25 ஆண்டு என்று கணக்குப் போட்டாலே அவர் ஏழு தலைமுறையைத் தாண்டிவிடுவார். அப்படியானால் அந்த வழியை விட்டுவிட்டு, பாட்டி வழியிலோ கொள்ளுப்பாட்டி வழியிலோ பிற்காலத்தில் கப்பலேறி வந்தவர் யாரேனும் உண்டா என்று தேடுங்கள். தாய் வழியும் செல்லும்.