முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போகுமா?

கே: அக்கா மகனுக்குக் காய்ச்சல், தலைவலி, வாந்தி; கழுத்தைக் குனிய முடியவில்லை. மூளை உறைக் காய்ச்சலாக இருக்கலாம், முதுகுத் தண்டில் நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். கால் விளங்காமல் போய்விடும் என்று வீட்டில் பயந்து, கையெழுத்துப் போட அரை நாள் ஆகிவிட்டது. ஸ்கேன் போதாதா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

ப: போதாது. இந்த நோயில் சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் நார்மலாகத்தான் வரும். மூளையில் வீக்கமோ கட்டியோ இருக்கும்போது நீரை எடுத்தால் ஆபத்து. அதைப் பார்க்கத்தான் முதலில் ஸ்கேன். அதுவும் வலிப்பு, கை கால் பலவீனம், நினைவு மங்கல், எச்.ஐ.வி. போன்றவை இருந்தால்தான்.

கால் பற்றிய பயம் எல்லா ஊரிலும் உண்டு. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது எலும்பருகே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கும் கீழே, 3-4 அல்லது 4-5 எலும்புகளுக்கு நடுவில். அங்கே இருப்பவை நீரில் மிதக்கும் நரம்பு இழைகள். ஊசி பட்டால் காலில் சுரீரென்று இழுக்கும், டாக்டர் ஊசியைத் திருப்பிக்கொள்வார். பின்னர் சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வரும், சில நாளில் போய்விடும். தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) மிகக் குறைந்தவர்களுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும் மட்டும் யோசிக்க வேண்டும்.

தாமதம்தான் கெடுதல். ஊசி தள்ளிப்போனால் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, ரத்தம் எடுத்துக்கொண்டு ஆன்டிபயாட்டிக்கை உடனே தொடங்கிவிடுவார்கள், தொடங்கவும் வேண்டும். ஆனால் மருந்து ஏறிய சில மணி நேரத்தில், பிறகு எடுக்கும் முதுகு நீரில் உள்ள கிருமி கல்ச்சரில் வளராமல் போகலாம். எந்த மருந்து கேட்கும் என்பதும் தெரியாமல் போகும்.

கே: ரிப்போர்ட்டில் செல் 240, அதில் லிம்ஃபோசைட் 85%, குளுக்கோஸ் 28, புரோட்டீன் 190. டி.பி. கிருமி இல்லை என்று வந்தும் டி.பி. மாத்திரை ஏன்?
- அதே வாசகி

ப: இயல்பாக முதுகு நீரில் செல் (வெள்ளை அணுக்கள்) 5-க்குள், புரோட்டீன் 45-க்குள் இருக்கும். லிம்ஃபோசைட், நியூட்ரோஃபில் என்பவை வெள்ளை அணுக்களின் வகைகள். குளுக்கோஸை மட்டும் தனியாகப் படிக்கக் கூடாது. அதே நேரத்து ரத்தச் சர்க்கரையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். ரத்தத்தில் 110 என்றால் 28 என்பது கால்வாசிதான். ரத்தச் சர்க்கரை பார்க்காமல் நீரை மட்டும் அனுப்புவது அடிக்கடி நடக்கும் தவறு.

சாதாரண பாக்டீரியா என்றால் செல் வழக்கமாக ஆயிரத்தைத் தாண்டும், பெரும்பாலும் நியூட்ரோஃபில். வைரஸ் என்றால் லிம்ஃபோசைட் கூடும், குளுக்கோஸ் அநேகமாக இறங்காது. லிம்ஃபோசைட்டும் கூடி குளுக்கோஸும் இறங்கினால் டி.பி.யைத்தான் முதலில் நினைக்க வேண்டும். கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையும் இப்படியே காட்டும், அதற்கான ஆன்டிஜன் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள்.

நீரில் டி.பி. கிருமி மிகச் சொற்பம். 1 மி.லி. அனுப்பினால் ஜீன் எக்ஸ்பர்ட்டும் (டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) தவறவிடலாம்; 6 மி.லி.க்குக் குறையாமல் எடுத்துச் சுழற்றி, அடியில் படிவதைச் சோதித்தால் அகப்படும் வாய்ப்பு கூடும். நெகட்டிவ் வந்தாலும் டி.பி. இல்லை என்று ஆகாது. மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள், வழக்கமாக 12 மாதம்.