யூடியூபில் எல்லாப் பாட்டும் கிடைக்கும்போது, ஊர்த் திருவிழா மெல்லிசைக் கச்சேரிக்கு எதற்குப் போகவேண்டும்?

நான் கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். மலையாளிகள் கானமேளை என்பார்கள், தமிழர்களான நாங்கள் கச்சேரி என்போம். மேடை ஒன்றுதான், இரண்டு மொழிப் பாட்டும் வரும்.

எம்.எஸ்.வி. இரவு, எஸ்.பி.பி. இரவு என்று ஒருவர் பாடல்களாகவே பாடும் கச்சேரிகள் இப்போது அதிகம். எம்.எஸ்.வி. 1928-ல் பிறந்தது பக்கத்து எலப்புள்ளியில் என்பதால், அவர் பாட்டுக்கு இங்கே இரண்டு தரப்புமே சொந்தம் கொண்டாடும். ஆனால் 'அதே குரல் வருமா' என்று பார்க்கப் போனால் ஏமாற்றம்தான். வராது.

நான் போவது பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இசைக்காக. ரெக்கார்டிங்கில் கூடம் நிறைய வயலின் இருந்திருக்கும். மேடையில் மொத்தமே எட்டுப் பேர். கீபோர்டுக்காரரின் ஒரு கை வயலின் கூட்டம், இன்னொரு கை வேறு ஏதோ வாத்தியம். தபேலாக்காரர் அடுத்த பாட்டுக்கு டோலக்கை மடிக்கு இழுத்துக்கொள்வார். போன வருஷம் ஒரு கோயில் திருவிழாவில் புல்லாங்குழல் வரவேண்டிய இடத்தில் வரவில்லை. அரை நொடியில் கீபோர்டிலிருந்து குழல் சத்தம் வந்தது. "குழல் தூங்கிட்டான், பொட்டிக்காரன் காப்பாத்திட்டான்" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். இது எந்த யூடியூபில் கிடைக்கும்?

வாத்தியக்காரர்கள் இல்லாமல், பென்டிரைவில் டிராக் (பதிவுசெய்த பின்னணி இசை) போட்டுப் பாடுகிற கச்சேரி என்றால் நான் ஐந்து நிமிஷத்தில் பஜ்ஜிக் கடைக்குப் போய்விடுவேன்.

நிற்கிற இடம் முக்கியம். ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கம் போகாதீர்கள், மறுநாள்வரை காது இரையும். சத்தத்தைச் சரிசெய்கிற மிக்ஸர் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் ஆள் தன் காதில் விழுவதை வைத்துத்தான் எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்கிறார். ஆக, சத்தம் சரியாக இருக்கும் இடம் அதுதான். அப்புறம், சீக்கிரம் போங்கள். 2000-ல் வந்த ஒலிமாசு விதிகளின்படி விசேஷ அனுமதி இல்லாவிட்டால் இரவு 10 மணிக்கு மைக்கை அணைக்கவேண்டும். விடியவிடியப் பாடிய காலம் போய்விட்டது.

முடிந்ததும் பாடகரைச் சுற்றிச் செல்ஃபிக் கூட்டம் நிற்கும். கீபோர்டுக்காரர் தனியாக வயர் சுற்றிக்கொண்டிருப்பார். அவரிடம் போய், "அந்த ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி வாசிச்சீங்களே" என்று ஆரம்பித்துப் பாருங்கள்.