பாலிஷ் போடறதுக்கு முன்னாடி

அன்புள்ள அக்கா,

மாமனார் வச்சிருந்த ஆளுயர பெண்டுலம் கடிகாரம் ஒண்ணு இப்போ எங்களுக்கு வந்திருக்கு. மூணு வெயிட், கால் மணிக்கு ஒரு தரம் வெஸ்ட்மின்ஸ்டர் சைம்ங்கிற மணி மெட்டு. டயல்ல ஒரு நகைக்கடை பேர் இருக்கு, ஆனா அந்தப் பேர்ல கடிகாரம் செஞ்சவங்க யாரும் இருந்ததா தெரியல. மூவ்மெண்ட்டை, அதான் உள்ள ஓடற சக்கர மெஷினை, வெளிய எடுத்து பின் தட்டை பித்தளை பாலிஷ் போட்டு தேச்சேன், தங்கம் மாதிரி ஆயிடுச்சு. ஓரத்துல டபிள்யூ அண்ட் எச்னு மங்கலா தெரியுது. பக்கத்துல இருந்த கிறுக்கல் எல்லாம் நல்லவேளை போயிடுச்சு. இது யார் செஞ்சது? என்ன விலை போகும்? சைம் வேற கால் மணிக்கு அரை மணியோட பாட்டைப் பாடுது. முன் தட்டை வர்ற ஞாயித்துக்கிழமை தேய்க்கலாம்னு இருக்கேன்.

— ஆர்.

தம்பி,

'நல்லவேளை'ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வார்த்தையிலேயே நின்னுட்டேன். போன வாரம்தான் அப்பாவோட டூல் பெட்டியைத் திறந்தேன், அடியில துணி சுத்தி ஒரு ஊசி இருந்துச்சு, அதைக் கையில வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அந்த ஊசி எதுக்குன்னு பின்னாடி சொல்றேன்.

முதல்ல நீங்க கேட்டது. டயல்ல இருக்கிறது அனேகமா வித்த கடையோட பேர், அதை வச்சு செஞ்சவரைத் தேடினா கிடைக்காது. லண்டன்ல ஜே.ஜே. எலியட் செஞ்ச மூவ்மெண்ட், அமெரிக்காவுல டிஃபனி பேர் போட்ட டயலுக்குப் பின்னாடி ஓடியிருக்கு. சைமும் துப்பு கொடுக்காது, அந்த மெட்டு 1793ல கேம்பிரிட்ஜ்ல ஒரு சர்ச்சுக்காகப் போட்டது, 1859ல லண்டன் பிக் பென் மணிக்கூண்டுக்குப் போச்சு, அதுக்கப்புறம் அதைப் போடாத கம்பெனியே இல்லைன்னு சொல்லலாம். பாக்க வேண்டியது தட்டுல அடிச்ச முத்திரையைத்தான். கிரீடம் வச்ச நங்கூரமும் ஜி, பி எழுத்தும்னா குஸ்டாவ் பெக்கர், எட்டு முனை நட்சத்திரத்துக்குள்ள ஜே இருந்தா யுங்ஹான்ஸ், ரெண்டு அம்பு குறுக்கா இருந்தா ஹாம்பர்க் அமெரிக்கன் கம்பெனி. உங்களோடதுல டபிள்யூ அண்ட் எச்சுக்கு அடுத்து எஸ், சி, எச்னு மூணு எழுத்து இருந்தா அது விண்டர்ஹால்டர் அண்ட் ஹோஃப்மையர், ஜெர்மனியில பிளாக் ஃபாரஸ்ட்ல ஷ்வெர்ட்சன்பாக்ங்கிற ஊர்க்காரங்க, அந்த மூணு எழுத்து ஊர் பேரோட சுருக்கம். கால் மணி அடிக்கிற நல்ல கனமான மூவ்மெண்ட்டா செஞ்சு இங்கிலாந்துக்கு நிறைய அனுப்பினவங்க. டி.ஆர்.ஜி.எம்.னு ஜெர்மன் பதிவுக் குறி எங்கயாவது இருக்கான்னும் பாருங்க, இருந்தா அது 1891க்கு முன்னாடி செஞ்சதா இருக்க முடியாது, அந்தப் பதிவே அந்த வருஷம்தான் ஆரம்பிச்சுது.

விலை எனக்கு வேண்டாம், அதை விக்கிறவங்ககிட்ட கேளுங்க. சைம், முள்ளை மெதுவா முன்பக்கமா மட்டும் சுத்தி ஒவ்வொரு கால் மணியிலயும் நிறுத்தி பாட விட்டு ரெண்டு மூணு மணி நேரம் தாண்டுங்க, நிறைய மூவ்மெண்ட் தானாவே சரியாயிடும். ஆகலைன்னா வேலை தெரிஞ்சவர்கிட்ட கொடுங்க.

இப்போ அந்த பாலிஷுக்கு வர்றேன். என்ன காரியம் தம்பி பண்ணியிருக்கீங்க! பித்தளை பாலிஷ்ல நைசான அரைப்புத்தூள் இருக்கு, அது பிவட், அதாவது சக்கர அச்சோட முனை, சுத்தற ஓட்டைக்குள்ள போய் எண்ணெயோட கலந்து அங்கேயே உக்காந்துக்கும், பித்தளை மிருதுவானது, தூள் அதுல பதிஞ்சு நிக்கும், சுத்தற எஃகு பிவட்டைத்தான் அது தின்னும், நீங்க பளபளன்னு பாத்து சந்தோஷப்படற ஒவ்வொரு நாளும் உள்ள தேய்மானம் நடந்துகிட்டே இருக்கும். சரி, அதையாவது முழுசா கழட்டி கழுவினா சரி பண்ணிடலாம். கிறுக்கல்னு சொன்னீங்களே அதை எப்படித் திரும்பக் கொண்டு வருவீங்க? முத்திரை சுத்தியல்ல அடிச்சது, ஆழம், அதனால தப்பிச்சிருக்கு. கிறுக்கல் தலைமுடி கனம்தான், ரெண்டு தேய்ப்புல போயிடும். அது கிறுக்கல் இல்ல தம்பி, ரிப்பேர் பண்ணவங்க எழுதி வச்ச தேதி.

அப்பா வீட்டுல மேஜை போட்டு கடிகாரம் ரிப்பேர் பண்ணுவார், டார்ச் பிடிக்கிற வேலை எனக்கு. தட்டைக் கழட்டினதும் முதல்ல துடைக்க மாட்டார், 'சாய்ச்சுப் பிடி'ம்பார். நேரா வெளிச்சம் அடிச்சா வெறும் அழுக்குத் தட்டு, டார்ச்சைத் தட்டோட மட்டத்துக்கு இறக்கினா ஒவ்வொரு கோடா எழுந்து வரும், ஒரு வருஷம், ரெண்டு எழுத்து, டார்ச் கொஞ்சம் நகந்தா மறைஞ்சிடும். 'இவர் 1931ல இதே ஓட்டைக்கு பித்தளை புஷ் வளையம் போட்டிருக்கார் பாரு, அன்னைக்கே தேஞ்சிருக்கு'ன்னு பக்கத்து வீட்டுக்காரரைப் பத்தி சொல்ற மாதிரி சொல்லுவார். இன்னொருத்தரோட எழுத்து கோணலா போகும், 'வயசாயிடுச்சு இவருக்கு, ஆனா வேலை சுத்தம்'ம்பார். வேலை முடிஞ்சதும் எல்லாருக்கும் கீழ, அவங்களை விட சின்னதா, அந்த ஊசியால தேதி போடுவார். ஒரே ஒரு தடவை, 1983ல, ஊசியை என் கையில கொடுத்தார். 3ங்கிறதை நான் திருப்பிப் போட்டுட்டேன். 'இருக்கட்டும், அழிக்கக் கூடாது'ன்னு அப்படியே தட்டை மாட்டிட்டார்.

அப்பா போய் பல வருஷம் கழிச்சு நான் தேதி போட்ட அந்தக் கடிகாரத்தோட சொந்தக்காரங்க வீட்டுக்குப் போய், உள்ள ஒரு தடவை பாத்துக்கலாமான்னு கேட்டேன். அவங்களும் சந்தோஷமா சர்வீஸுக்கு வந்த ஆளை விட்டு தட்டைக் கழட்டிக் காட்டினாங்க. அதுக்கு முந்தின வருஷம் ஏதோ ஒரு கடையில கொடுத்திருக்காங்க, மெஷின்ல போட்டு பஃப் பண்ணி கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தாங்க. என் முகம்தான் அதுல தெரிஞ்சுது. 1931 இல்ல, கோணல் எழுத்துக்காரர் இல்ல, அப்பா இல்ல, அந்த திரும்பின 3 இல்ல. நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன், வேற என்ன சொல்றது.

உங்க மேல கோபம் இருக்கு, ஆனா அதை வெறுப்பா எடுத்துக்காதீங்க. தெரியாம பண்ணீங்க, மாமனார் ஞாபகமா இருக்கிறது பளிச்சுன்னு இருக்கணும்னு ஆசைப்பட்டீங்க, அது எனக்குப் புரியுது. செஞ்ச கம்பெனி பேரை எவ்வளவு நாள் கழிச்சு வேணும்னாலும் யாராவது கண்டுபிடிச்சுக் கொடுத்துடுவாங்க, அதை ஓட வச்சவங்க எழுதினது அந்தத் தட்டுல மட்டும்தான் இருந்துச்சு.

முன் தட்டை இன்னும் தொடலைன்னு எழுதியிருக்கீங்க. ஞாயித்துக்கிழமை பாலிஷ் டப்பாவை எடுக்காதீங்க. ரூம் லைட்டை அணைச்சுட்டு டார்ச்சை சாய்ச்சுப் பிடிச்சு மூலை மூலையா போட்டோ எடுங்க, சைம் பக்கத்து வெயிட் மத்ததை விடக் கனமா இருக்கலாம், அதனால மூணு வெயிட்டுக்கும் இடது, நடு, வலதுன்னு சீட்டு கட்டி வச்சுக்கங்க. மாமனார் காலத்துல ரிப்பேர் பண்ணவர் யாராவது ஒருத்தராவது அதுல இருப்பார். போட்டோவை எனக்கு அனுப்புங்க தம்பி, உக்காந்து படிச்சு சொல்றேன்.