காட்மனின் பாலம் ஏன் திட்டாகிறது?

அன்புள்ள ஐயா,

ஆங்கில ஓவியர் ஜான் செல் காட்மனின் ‘கிரீட்டா பாலம்’ நீர்வண்ண ஓவியத்தைப் பார்த்து வரைய நான்கு முறை முயன்றேன். நான்கிலும் வாஷ் (நீர்த்த வண்ணத்தைச் சீராகப் பரப்பும் பூச்சு) திட்டுத் திட்டாகிவிட்டது. இவ்வளவு எளிய படம் ஏன் கைக்கு வரமாட்டேன் என்கிறது? தப்பை மேலே தீட்டி மறைக்கவும் முடியவில்லை.

— ச.

அன்புள்ள ச.,

மறைக்க இடமே இல்லாத படத்தைத் தேர்ந்திருக்கிறீர்கள்! 1805 கோடையில் வடக்கு இங்கிலாந்தின் ராக்பி பக்கம், கிரீட்டா ஆற்றோரம் சில வாரங்கள் தங்கியபோது காட்மனுக்கு வயது 23. அந்தப் பயணத்தில் விளைந்தது இது. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் அசல் ஏறக்குறைய 23க்கு 33 செ.மீ., ஏ4 தாளைவிடச் சற்றே பெரிது. ஒற்றை வளைவுப் பாலம், நீரில் அதன் பிம்பம், முன்னால் உருண்டைப் பாறைகள். எல்லாமே காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் தட்டையான வாஷ்கள். பாறையின் வெளிச்சப் பக்கம் வெள்ளைச் சாயமல்ல. அடர்நிறம் ஏறாமல் விட்ட இடம். எதைத் தொடக்கூடாது என்பதைப் பென்சில் கோட்டிலேயே முடிவுசெய்துவிடுங்கள்.

இனி திட்டு. வண்ணத்தைத் தேவைக்கு இரு மடங்கு கரைத்துக்கொள்ளுங்கள்; பாதியில் தீர்ந்தால் அதே நிறம் திரும்ப வராது. பலகையின் தலைப்பக்கம் புத்தகம் வைத்துச் சுமார் 15 பாகை உயர்த்துங்கள். தூரிகையின் ஒவ்வொரு இழுப்பின் அடியிலும் வண்ணநீர் கோடாகத் திரண்டு நிற்கும். அடுத்த இழுப்பு அதைத் தொட்டபடியே போகட்டும். போன இடத்துக்குத் திரும்பாதீர்கள். கடைசியில் தேங்குவதைப் பிழிந்த தூரிகையால் உறிஞ்ச வேண்டும். விட்டால் பின்னோக்கி ஏறிக் காலிஃபிளவர்போலப் பூத்துவிடும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள்; அது பாதி வாஷை முன்கூட்டியே உலர்த்தி விளிம்பு கட்டவைக்கும். புறங்கையை வைத்தால் தாள் சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, அடுத்த வாஷ் கூடாது. நோட்டுத் தாளும் உதவாது, 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாள் வாங்குங்கள்.

காட்மன் உயிரோடிருந்தபோது இந்தத் தட்டை வாஷ்களுக்குப் பெரிய மதிப்பில்லை. 1806இல் சொந்த ஊரான நாரிச்சுக்குத் திரும்பினார்; ஓவியம் கற்றுக்கொடுத்தே பிழைத்தார். பார்த்து வரைவதற்கென்றே தன் படங்களைச் சந்தாதாரர்களுக்கு இரவல் கொடுத்தவர் அவர். ஆகவே நீங்கள் செய்வதில் தப்பில்லை. 1830களில் வண்ணத்தில் மாவுப் பசை கலந்து கனமாகத் தீட்டத் தொடங்கினார், 1842இல் இறந்தார்.

ஐந்தாவது முறை முழுப் படத்தையும் எடுக்காதீர்கள். ஒரே ஒரு பாறை, மூன்று வாஷ் போதும்.