சைக்கிள் பயணத்துக்கு எந்த மழைக்கோட்டு?

கேள்வி: வணக்கம் அண்ணை. ஜேர்மனியில் இருக்கும் என் மச்சானும் அவரின் சிநேகிதர்களும் பத்துப் பேராக, வாற ஜூனில் டன்யூப் ஆற்றங்கரையால் பாசாவிலிருந்து வியன்னா வரை சைக்கிளில் போகிறார்கள், என்னையும் வரச் சொல்கிறார்கள். மழை என்றாலும் நிற்கமாட்டார்களாம். இங்கே மோட்டார் சைக்கிள்காரர் போடுகிற மழைக்கோட்டு காணுமா, இல்லை விலைகூடின சைக்கிள் ஜாக்கெட்தான் வேண்டுமா? - கோண்டாவில் வாசகர்

பதில்: தம்பி, மோட்டார் சைக்கிள் கோட்டைக் கொண்டுபோக வேண்டாம். மோட்டார் சைக்கிளில் நீங்கள் சும்மா இருக்கிறீர்கள், சைக்கிளில் உடம்பு வேலை செய்கிறது. அந்தக் கோட்டின் பிவிசி பூச்சு மழையை உள்ளே விடாது, உங்கள் வியர்வை ஆவியையும் வெளியே விடாது, ஒரு ஏற்றம் ஏறினாலே உள்ளுக்குள் தெப்பமாக நனைந்துவிடுவீர்கள். இங்கே கார்த்திகை மழையில் நனைந்து வந்தாலும் துவாயால் துடைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்தால் சரி. அங்கே அப்படியில்லை. ஜூன் கோடைதானே என்று நினைக்காதீர்கள், அந்தப் பக்கம் வருசத்தில் கூட மழை பெய்வதே கோடையில்தான், மழை நாளில் குளிரும் சேர்ந்து வரும். மத்தியானம் சாப்பிட நிற்கிற அரை மணித்தியாலத்தில் நனைந்த உடம்பு நடுங்கத் தொடங்கிவிடும்.

அதற்காக விலை கூடினதெல்லாம் நல்லது என்றும் இல்லை. நான் ரைன் ஆற்றங்கரையால் ஒரு கூட்டத்தோடு ஓடியபோது, 'வோட்டர்புரூவ்' என்று எழுதி விற்ற ஜாக்கெட் ஒன்றை நல்ல காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனேன். பிங்கனிலிருந்து கொப்ளென்ஸ் போகிற அன்று விடியவே மழை. ஒரு மணித்தியாலம் தாங்கியது, பிறகு இரண்டு தோள்பட்டையிலும் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கி முழங்கை வரை வந்துவிட்டது. இரவு கழற்றி உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் ஊசி ஓட்டையை மூடுகிற நாடா ஒரு தையலுக்கும் மேல் ஒட்டியிருக்கவில்லை. லேபலில் 10,000 மில்லிமீற்றர் என்று போட்டிருந்தது, அது துணி 10 மீற்றர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்ற கணக்கு. ஊசி போட்ட ஓட்டைக்கு அந்தக் கணக்கு இல்லை.

ஆகவே கடையில் முதலில் ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்புங்கள். ஒவ்வொரு தையல் மேலும் விரலளவு நாடா வழவழப்பாக ஒட்டியிருக்க வேண்டும், தோள், தொப்பி, சிப் ஓரம் மூன்றையும் வடிவாகப் பாருங்கள். கக்கத்துக்குக் கீழே காற்றுப் போக சிப் இருந்தால் இன்னும் நல்லது. பின்பக்கம் நீளமாக இருக்க வேண்டும், குனிந்து ஓடும்போது இடுப்பு வெளியே வரக்கூடாது. வாங்கினவுடன் ஒரு பருத்திச் சேட்டுக்கு மேலே போட்டுக்கொண்டு கிணற்றடியில் ஹாண்டில் பிடிப்பதுபோலக் குனிந்து நில்லுங்கள், ஒருவரை மெதுவாக நாலைந்து வாளி தோளில் ஊற்றச் சொல்லுங்கள். சேட்டில் ஈரப் புள்ளி தெரிந்தால் அது உங்களுக்கான ஜாக்கெட் இல்லை.

இங்கே வாங்கினால் பற்றுச்சீட்டை எறியாதீர்கள், சொன்ன குணம் பொருளில் இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி இலக்கம் 1977. ஆனால் என்னைக் கேட்டால் மச்சான் மூலம் அங்கே ஒன்லைனில் வாங்குவது மேல். பொருள் கையில் கிடைத்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பலாம், பழுது என்றால் விற்றவர் இரண்டு வருசம் பொறுப்பு. நீங்கள் போய்ச் சேருகிற கிழமையில் பொருளும் வந்துசேருகிற மாதிரி ஓடர் பண்ணச் சொல்லுங்கள், போட்டுப் பார்க்க நாள் இருக்கும்.

கைக்கும் காலுக்கும் பெரிய செலவு வேண்டாம். மெல்லிய கையுறைக்கு மேல் பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறை, மேசுக்கும் சப்பாத்துக்கும் நடுவில் ஒரு சொப்பிங் பை, இரவில் சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாள்.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று, மட்காட். கூட்டமாக ஓடும்போது முன்னால் போகிறவரின் பின்சில்லு வாரி அடிக்கிற சேற்றுத் தண்ணீர் நேரே உங்கள் முகத்துக்கு வரும், உங்களுடையது உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்குப் போகும். அன்று எனக்கு முன்னால் போன சைக்கிளில் மட்காட் இல்லை. பின்னேரம் வரை வாயைத் திறக்க முடியவில்லை, பல்லிடுக்கில் மணல். வாடகைச் சைக்கிள் என்றால் எல்லாச் சைக்கிளிலும் பின் மட்காட் சில்லின் அடிவரை இறங்கியிருக்கிறதா என்று முற்பணம் கட்டும் முன்னமே மச்சானைக் கேட்கச் சொல்லுங்கள்.