காவடிப் பக்கங்களுக்குத் தனி டெம்ப்ளேட்

கேள்வி: எங்கள் கோவிலின் வேர்ட்பிரஸ் தளத்தில் அறிவிப்பு, தமிழ் வகுப்பு, தைப்பூசக் காவடி என்று மூன்று பகுதிகள். காவடிப் பகுதியில் மட்டும் ஓரப்பட்டி (சைட்பார்) இல்லாமல், மேலே வேறு படம் வர வேண்டும். மற்றவை அப்படியே இருக்க வேண்டும். முடியுமா?
– ஒரு வாசகர், ரோஸ் ஹில்

பதில்: முடியும். காவடிப் பகுதிக்கென்று தனி டெம்ப்ளேட், அதாவது பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் கோப்பு, வைத்தால் போதும். பத்து நாள் விரதம் தொடங்கிவிட்டால் நம் மொரீசியஸில் ஆளாளுக்குப் போனில் தேடுவது ஊர்வலம் எத்தனை மணிக்கு, பால் செம்பு எடுப்பவர்கள் எங்கே கூடுவது என்பதைத்தான். அந்த நேரத்தில் ஓரப்பட்டியில் போன வருஷத்துப் பொதுக்கூட்டப் படம் எதற்கு?

காவடிப் பகுதியில் இருப்பவை ‘பக்கங்களா’, ஒரு வகையின் கீழ் போட்ட ‘பதிவுகளா’? முதலில் அதைப் பாருங்கள். இரண்டுக்கும் வழி வேறு.

பக்கங்கள் என்றால், தீமின் (தளத்தின் தோற்றத்தைத் தரும் கோப்புத் தொகுப்பு) பேஜ்.பிஎச்பி கோப்பை நகலெடுத்து, வேறு பெயரில் சைல்டு தீமுக்குள், அதாவது மூல தீமைச் சார்ந்து நம் மாற்றங்களை மட்டும் வைக்கும் துணை தீமுக்குள், போடுங்கள். மூல தீமுக்குள் போட்டால் அடுத்த அப்டேட்டில் காணாமல் போகும். நகலின் உச்சியில், கமென்ட்டுக்குள் (நிரலாக ஓடாத குறிப்பு வரி) ‘டெம்ப்ளேட் நேம்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு ஒரு பெயர் கொடுங்கள். சைட்பாரை அழைக்கும் வரியை எடுத்துவிடுங்கள். மேற்படத்துக்குத் தனி ஹெடர் (பக்கத்தின் மேற்பகுதி) கோப்பு வைத்து, அதை இங்கிருந்து அழைக்கலாம். அப்புறம் பக்கத்தைத் திருத்தும் திரையில், டெம்ப்ளேட் பட்டியலில் அந்தப் பெயர் தெரியும்.

ஆனால் தாய்ப் பக்கத்துக்குத் தேர்ந்தெடுத்தது அதன் கீழுள்ள பக்கங்களுக்குத் தானாக வராது. பலரும் இங்கேதான் ‘வேலை செய்யவில்லை’ என்று கைவிடுகிறார்கள். பக்கப் பட்டியலில் எல்லாவற்றையும் டிக் செய்து, பல்க் எடிட்டில் (மொத்தமாகத் திருத்தும் வசதி) ஒரே தடவையாக மாற்றுங்கள்.

பதிவுகள் என்றால், கேட்டகரி என்ற சொல், ஒரு சிறு கோடு, வகையின் ஸ்லக் (இணைய முகவரியில் வரும் அதன் சிறு பெயர்) என்று பெயரிட்ட கோப்பை வேர்ட்பிரஸ் தானே எடுத்துக்கொள்ளும். ஆனால் மாறுவது அந்த வகையின் பட்டியல் பக்கம் மட்டும். உள்ளே திறக்கும் பதிவு பழைய முகத்தோடுதான் நிற்கும். அதற்கும் வேண்டுமென்றால் மேலே சொன்னதுபோல் பெயர் கொடுத்த டெம்ப்ளேட்டின் உச்சியில் ‘டெம்ப்ளேட் போஸ்ட் டைப்’ வரியைச் சேருங்கள். 2016-இல் வந்த 4.7 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு.

உங்களுடையது பிளாக் தீம் (டெம்ப்ளேட்டுகளையும் எடிட்டரிலேயே பிளாக்குகளால் அமைக்கும் தீம்) என்றால் இந்தக் கோப்பு வேலையே வேண்டாம். தோற்றம் மெனுவில் உள்ள எடிட்டரிலேயே புது டெம்ப்ளேட் செய்துகொள்ளலாம்.

சரி, தமிழ் வகுப்புக்கும் ஒன்று செய்யலாமே என்று கமிட்டியில் யாராவது கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். தீம் மாற்றும்போதெல்லாம் இந்தக் கோப்புகளை உட்கார்ந்து சரிபார்க்கப் போவது கமிட்டி அல்ல, நீங்கள்தான்.