எபிக்யூரியன் என்றால் சாப்பாட்டுப் பிரியரா?

வணக்கம்.

சென்ற மாதக் கட்டுரையில், ஓய்வுபெற்ற பிறகு கஞ்சியும் துவையலும் நாலு நண்பர்களோடு பேச்சுமாக நிறைவாக வாழ்ந்த ஓர் ஆசிரியரைப் பற்றி எழுதும்போது ‘எபிக்யூரியன் வாழ்க்கை’ என்று சொல்லியிருந்தீர்கள். அகராதியைப் பார்த்தால் உயர்ந்த உணவிலும் மதுவிலும் நாட்டமுள்ளவர், சுகவாசி என்று போட்டிருக்கிறது. நீங்கள் சொன்னது இதற்கு நேர்மாறாக இருக்கிறதே? எங்கள் ஊர்ச் சமையல் பற்றி நானும் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் இந்தச் சொல்லைப் போடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தெரிந்தேதான் எழுதினேன். அகராதி சொல்வதும் சரிதான், ஆங்கிலத்தில் அந்தச் சொல் இன்று பெரும்பாலும் அப்படித்தான் புழங்குகிறது. ஆனால் அந்தப் பெயருக்கு உரிய மனிதரைப் படித்தவர்களுக்கு அதை அப்படியே ஏற்றுக்கொள்ள மனம் வராது.

கிரேக்கத் தத்துவ அறிஞர் எபிக்யூரஸ் கி.மு. 341இல் சாமோஸ் தீவில் பிறந்தவர். கி.மு. 306 வாக்கில் ஏதென்ஸுக்கு வந்து ஒரு தோட்டம் வாங்கி, கி.மு. 270இல் சாகும்வரை அங்கேயே நண்பர்களோடு வாழ்ந்தார். அவருடைய பள்ளிக்கே ‘தோட்டம்’ என்றுதான் பெயர். பெண்களும் அங்கே தத்துவம் பேசினார்கள், அடிமைகளும் பேசினார்கள். அப்படிப் பேசிய அடிமைகளில் மூஸ் என்பவரையும் வேறு சிலரையும் தன் உயிலில் விடுதலை செய்தார். (அதுவரை அவர்களை அடிமைகளாக வைத்திருந்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.)

இன்பமே வாழ்க்கையின் நோக்கம் என்று அவர் சொன்னது உண்மை. அதை ஒளித்துச் சொல்லவும் இல்லை. ஆனால் எது இன்பம் என்று மெனோய்சியஸுக்கு எழுதிய கடிதத்தில் தெளிவாகவே சொல்கிறார்: ஓயாத குடி விருந்துகளோ மேசை நிறைய மீன் வகைகளோ அல்ல, உடம்பில் வலி இல்லாமலும் மனதில் கலக்கம் இல்லாமலும் இருப்பதுதான். பசிக்கிறவனுக்கு ரொட்டியும் தண்ணீருமே உச்சமான இன்பத்தைத் தரும் என்பதும் அதே கடிதத்தில் வருகிறது. அவர் விருந்துக்கு எதிரியும் அல்ல, வந்தால் சாப்பிடலாம், அது இல்லாமலும் இருக்கத் தெரிந்தவன்தான் அதை நன்றாக ருசிப்பான் என்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்தது அவர் ஒரு நண்பருக்கு எழுதிய வரி. ஒரு சின்னச் சட்டி பாலாடைக்கட்டி அனுப்பிவை, தோன்றும்போது விருந்து சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று கேட்கிறார். அவருக்கு விருந்து என்றால் அவ்வளவுதான்! ஒரு காசுக்கும் குறைவான செலவில் வயிற்றைக் கழுவ முடிகிறதா என்று அவர் சில நாட்கள் சோதித்துப் பார்த்ததையும், அவர் நண்பர் மெட்ரோடோரஸுக்கு முழுக் காசும் தேவைப்பட்டதையும் ரோமானியத் தத்துவ அறிஞர் செனெகா எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் செனெகா எதிர்ப் பள்ளியைச் சேர்ந்தவர், ஸ்டோயிக்.

அப்படியானால் இந்தக் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது? அவர் வாழ்ந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. அந்த மெட்ரோடோரஸின் சகோதரர் டிமோக்ரடீஸ் பள்ளியைவிட்டு வெளியேறி, எபிக்யூரஸ் அளவில்லாமல் தின்று தினம் இரண்டு முறை வாந்தி எடுப்பார், சாப்பாட்டுக்கு மட்டும் நாளுக்கு ஒரு மினா செலவழிப்பார் என்றெல்லாம் எழுதினார். ஒரு மினா என்றால் நூறு டிராக்மா, அன்று பெரிய தொகை. அதைத்தான் பலரும் திருப்பிச் சொன்னார்கள். பிறகு ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் தன்னையே ‘எபிக்யூரஸ் மந்தையின் பன்றி’ என்று விளையாட்டாகச் சொல்லிக்கொண்டார், அந்தப் படிமமும் ஒட்டிக்கொண்டது. தெய்வங்கள் மனிதர் விவகாரத்தில் தலையிடுவதில்லை, உடம்போடு உயிரும் அழிந்துவிடுகிறது என்று எபிக்யூரஸ் சொன்னதால் மதங்களுக்கும் அவர் ஆகாதவரானார். இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் அவரையும் அவர் வழிவந்தவர்களையும் நரகத்தில் எரியும் கல்லறைகளுக்குள் போட்டார்.

எதிராளிகள் கையில் ஒரு மேற்கோளும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். எல்லா நன்மைக்கும் தொடக்கமும் வேரும் வயிற்றின் இன்பமே என்று எபிக்யூரஸ் சொன்னதாக அதெனயஸ் என்ற பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் எடுத்துக்காட்டுகிறார். தனியாகப் படித்தால் தீனிக்காரனின் வாக்குமூலம்போலத்தான் இருக்கிறது. ஆனால் எபிக்யூரஸின் இன்னொரு வாக்கு, பசிக்கக்கூடாது, தாகம் கூடாது, குளிரக்கூடாது என்பதே உடம்பின் குரல் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் அவர் பேசுவது பசியைப் பற்றி என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன், வயிறு காய்கிறவனிடம் மற்ற நன்மைகளைப் பேச முடியாது, அதனால் அது வேர்.

சாகும் நாளில் அவர் தன் நண்பர் இடோமெனியஸுக்கு எழுதிய கடிதத்தையும் படியுங்கள். சிறுநீர் அடைப்பு, வயிற்றில் இதற்குமேல் தாங்க முடியாத வலி. அந்த நிலையிலும், நாம் பேசிய பேச்சுகளை நினைத்துக்கொள்கிறேன், அந்த மகிழ்ச்சி இந்த வலிகளுக்கு எதிரே நிற்கிறது என்கிறார், மெட்ரோடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று கேட்டுக்கொள்கிறார். சுகவாசி எழுதுகிற கடிதமா இது? நான் அந்த ஆசிரியரை எபிக்யூரியன் என்றது இந்தப் பொருளில்தான், அதை மாற்றப் போவதில்லை.

இனி உங்கள் கட்டுரை. ஊர்ச் சமையலை ரசித்துச் சாப்பிடுகிறவரைச் சொல்ல இந்தச் சொல் எதற்கு? சாப்பாட்டுப் பிரியர், ருசி தெரிந்தவர் என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும். ஆங்கிலத்திலிருந்து மேற்கோள் காட்டும்போது உணவு ரசிகர் என்ற பொருளில் வந்தால் அப்படியே விட்டுவிடலாம், அந்தப் பொருளும் அங்கே வேரூன்றிவிட்டது. எபிக்யூரியன் என்றே போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் எந்தப் பொருளில் என்று பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கட்டுரையை முடித்ததும் அனுப்புங்கள், படிக்க ஆவல்.